சொல்லின் எல்லையும் பொருளின் எல்லையும்

திருவாய்மொழியின் முதற்பத்து, முதல் திருவாய்மொழி, நான்காம் பாசுரம் பெரும்பாலும் சுட்டுச் சொற்களால் ஆனது. அவன், இவன், உவன் என ஆண்பாலும், அவள், இவள், உவள் எனப் பெண்பாலும், அவ்வாறே பலர்பாலும் ஒன்றன்பாலும் பலவின்பாலும் அதில் அடுக்கப்பட்டுள்ளன. அவற்றோடு எவள், எது என்னும் வினாச் சொற்களும் வருகின்றன. அழிகின்றவை, நல்லவை, தீயவை, இனி ஆகப்போகின்றவை, முன்பு ஆகிக் கழிந்தவை என்னும் பகுப்புகளும் சேர்கின்றன. இவை அனைத்தையும் ஆழ்வார் எம்பெருமான் ஒருவனிடத்திலே கொண்டுபோய் முடிக்கிறார். திருக்குருகைப்பிரான் பிள்ளானின் ஆறாயிரப்படி தொடங்கி, திருவரங்கத்தில் நம்பிள்ளை அருளிச்செய்தபடியே வடக்குத் திருவீதிப் பிள்ளை ஏடுபடுத்திய ஈடு வரையில், இப்பாசுரம் ஸாமாநாதிகரண்யத்தைச் சொல்லும் இடமாகவே கொள்ளப்பட்டு வந்துள்ளது.

அகாரச் சுட்டு சேய்மைக்கும், இகாரச் சுட்டு அண்மைக்கும், உகாரச் சுட்டு இரண்டுக்கும் நடுப்பட்டதற்கும் உரியன. நடுப்பட்டதை வடமொழியில் அதூரவிப்ரக்ருஷ்டம் என்பர். தொல்காப்பியம் சொல்லும் மூன்று சுட்டுகளில் மூன்றாவதான இது தமிழகத்துப் பேச்சில் வழக்கொழிந்தது. யாழ்ப்பாணத்தார் பேச்சில் உவன், உது என்பவை இன்றும் உயிருடன் உள்ளன. இங்கே ஒரு கேள்வி எழுகிறது. இவன் என்பது எந்த அடியில் முடிந்து உவன் என்பது தொடங்குகிறது? உவன் எங்கே முடிந்து அவன் ஆகிறான்? அண்மைக்கும் சேய்மைக்கும் இடையில் கோடு இல்லை என்பதற்காக நடுவில் ஒரு சொல்லை வைத்தால், ஒரு கோடு இருக்கவேண்டிய இடத்தில் இரண்டு கோடுகள் வேண்டியவாகின்றன. சொற்களுக்கே எல்லை தெளிவாக இல்லையானால், எல்லாச் சொற்களும் எம்பெருமான் அளவும் சென்று முடிகின்றன என்னும் ஸித்தாந்தம் எதன்மேல் நிற்கிறது?

இது வெறும் விளையாட்டுக் கேள்வியன்று. மேலைநாட்டுத் தத்துவத்தில் இது கிரேக்கக் காலம் முதல் பேசப்பட்டு வருவது. நம் ஸம்ப்ரதாயத்தின் நூல்களை இக்கேள்வியோடு வைத்துப் படிக்கும்போது சில இடங்கள் தெளிவு பெறுகின்றன. சில இடங்களில் விடை இன்னும் தேடப்படவேண்டியதாக நிற்கிறது. இரண்டையும் பிரித்துக் காண்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

குவியலும் கிழமாடும்

கி.மு. நான்காம் நூற்றாண்டில் மிலேத்தஸ் நகரத்து யூபுலிடீஸ் என்பவர் பெயரால் வழங்கும் புதிர் இது. ஒரு நெல்மணி குவியல் ஆகாது. குவியல் அல்லாத ஒன்றோடு ஒரு மணியைச் சேர்த்தால் அது குவியல் ஆகிவிடாது. ஆகவே இரண்டு மணியும் குவியல் அன்று, மூன்று மணியும் அன்று. இப்படியே போனால் பதினாயிரம் மணியும் குவியல் அன்று என்று முடியும். ஒவ்வொரு படியும் சரியாகத் தோன்றுகிறது. முடிவோ கண்கூடான பொய்.

நெற்களத்துக்குப் போகாமல் மணப்பாறை மாட்டுச் சந்தைக்குப் போனாலும் இதுவே தான். திருச்சிராப்பள்ளியிலிருந்து திண்டுக்கல் செல்லும் வழியில், ஏறத்தாழ 40 கி.மீ. தொலைவில் உள்ள அவ்வூர் மாட்டுக்குப் பெயர்போனது. அங்கே வழங்கும் சொற்கள் இருவகைப்பட்டவை. கிடாரி என்பது ஈன்றவுடன் பசு ஆகிறது. அந்தச் சொல்லுக்கு எல்லை கூர்மையானது. இரண்டு பல், நான்கு பல், ஆறு பல், எட்டுப் பல் என்று வாயைத் திறந்து எண்ணிச் சொல்வதும் அத்தகையதே. ஆனால் இளசு, கிழம் என்பவை அப்படியல்ல. நேற்று இளமையாக இருந்த எருது இன்று கிழமாகிவிட்டது என்று எந்தத் தரகரும் நாள் குறித்துச் சொல்லமாட்டார். அதற்காக அச்சொற்கள் பொருளற்றவையாகவும் இல்லை. அவற்றை நம்பியே விலை பேசப்படுகிறது, கைமாறுகிறது. எல்லை தெளியாத சொல்லைக் கொண்டு பிழையில்லாத வ்யவஹாரம் நடக்கிறது என்பதே இங்கே விளக்கப்படவேண்டியது.

ஸம்சயம் வேறு, எல்லைத் தெளிவின்மை வேறு

இதை நம் தர்க்க நூல்கள் பேசும் ஸம்சயத்தோடு ஒன்றாக்குவது முதற்பிழை. மாலை மங்கலில் எதிரே நிற்பது கட்டையோ மனிதனோ என்னும் ஐயம் நியாய நூல்களின் பழகிய எடுத்துக்காட்டு. அங்கே ஒரே தர்மியில் இரண்டு விருத்த தர்மங்கள் தோன்றுகின்றன. அருகில் சென்றாலோ விளக்கைக் கொண்டுவந்தாலோ ஐயம் நீங்குகிறது. குவியலின் நிலை அதுவன்று. எத்தனை மணிகள் என்பதை எண்ணி முடித்தபின்னும், ஒவ்வொரு மணியும் கிடக்கும் இடத்தை அறிந்தபின்னும், இது குவியல் தானா என்னும் கேள்வி அப்படியே நிற்கலாம். விளக்கினால் தீராதது ஸம்சயம் ஆகாது.

மீமாம்ஸகர்கள் கூறும் வாக்யசேஷ ந்யாயமும் இங்கே முழுதும் உதவாது. பூசப்பட்ட சர்க்கரைக் கற்களை இடுக என்று விதி வந்தபோது, எதனால் பூசப்பட்டவை என்று கூறப்படவில்லை. பின்வரும் வாக்யம் நெய்யைப் புகழ்வதால் நெய்யே என்று நிர்ணயம் செய்தனர். அங்கே பேசுபவரின் கருத்து ஒன்று இருந்தது, கேட்பவர்க்கு அது மறைந்திருந்தது. கிழம் என்று சொல்லும் தரகரின் உள்ளத்தில் மறைந்த எல்லை ஏதும் இல்லை. அவர் வாக்யத்தின் எஞ்சிய பகுதியை எவ்வளவு தேடினாலும் அது கிடைக்கப்போவதில்லை.

அக்காலத்தவர் கூறிய மூன்று வழிகள்

இருபதாம் நூற்றாண்டில் இக்கேள்வி மீண்டும் எழுந்தது. கருத்துக்கள் கூரிய எல்லை உடையனவாக இருத்தல் வேண்டும் என்று ஃப்ரேகெ வற்புறுத்தினார். ரஸ்ஸல் 1923இல் எழுதிய கட்டுரையில், தெளிவின்மை நம் குறியீடுகளுக்கு உரியதேயன்றிப் பொருள்களுக்கு உரியதன்று என்றார். அதற்குப் பின் வந்தவற்றை மூன்று வழிகளாகத் தொகுக்கலாம்.

முதல் வழி 1994இல் திமத்தி வில்லியம்சன் விரித்துரைத்தது: எல்லை உண்டு, அது கூர்மையானதும் கூட, அதை நாம் அறியமுடியாது என்பதே குறை. இரண்டாம் வழி 1975இல் கிட் ஃபைன் வகுத்தது: சொல்லுக்கு எல்லை இன்னும் முடிவு செய்யப்படவில்லை, அதைப் பல விதமாக வகுக்கலாம், எப்படி வகுத்தாலும் மெய்யாக நிற்பது எதுவோ அதுவே மெய். மூன்றாம் வழி, உண்மைக்கும் பொய்க்கும் நடுவே படிகளை ஏற்பது. 1965இல் லோத்ஃபி சாதே அமைத்த படித்தரக் கணங்கள் இதற்கு உதவின. இவற்றைத் தவிர, பொருளே எல்லையற்றது என்னும் கொள்கையும் உண்டு. 1978இல் காரெத் எவன்ஸ் அதை மறுத்து ஒரு சிறு கட்டுரை எழுதினார்.

இவற்றுள் எது விசிஷ்டாத்வைதத்துக்கு இசைவது என்பதில் இரண்டு பூர்வபக்ஷங்கள் எழக்கூடும். இரண்டும் முதற்பார்வையில் கவர்ச்சி உடையன. இரண்டும் ஆராய்ந்தால் நிற்பனவல்ல.

ஸர்வஜ்ஞத்வத்தைக் கொண்டு எழும் பூர்வபக்ஷம்

ஜீவனுடைய தர்மபூத ஜ்ஞானம் கர்மத்தினால் சுருங்கியுள்ளது. ஆகவே எல்லை நமக்குத் தெரியவில்லை. ஈச்வரன் ஸர்வஜ்ஞன், அவனுக்கு அது தெரியும். எனவே எல்லை உண்டு என்னும் முதல் வழியே வைஷ்ணவர்க்கு உரியது. இது முதல் பூர்வபக்ஷம்.

இதில் ஸாத்யமே ஹேதுவின் உள்ளே ஒளிந்திருக்கிறது. ஸர்வஜ்ஞத்வமாவது உள்ளவை அனைத்தையும் உள்ளபடி அறிதல். எல்லை உண்டாகில் அவன் அதை அறிவான். அவன் அறிவான் என்பதைக் கொண்டு எல்லை உண்டு என்று சாதிக்க முடியாது. இல்லாததை அறியாமை குறையன்று. ஆகாயத் தாமரையை அறியாமையால் ஒருவனுடைய ஸர்வஜ்ஞத்வம் குறையாது என்பது ஆசார்யர்கள் எடுத்தாளும் ந்யாயம். இந்த ந்யாயம் மிக உயர்ந்ததொரு இடத்தில் பயன்படுகிறது. எட்டாம் பத்தில் திருச்செங்குன்றூர் பற்றிய திருவாய்மொழியில், தன் தன்மை தனக்கும் அறியவொண்ணாதவன் என்று எம்பெருமானை ஆழ்வார் அருளிச்செய்கிறார். அவனுடைய குண விபூதிகளுக்கு எல்லை இல்லை. இல்லாத எல்லையை அவன் காணாதது அஜ்ஞானம் ஆகாது. அவனுடைய மஹிமைக்கே ஒத்துக்கொண்ட ந்யாயத்தை நெற்குவியலுக்கு மறுப்பது எவ்வாறு பொருந்தும்?

இரண்டு இடங்களுக்கும் வேறுபாடு உண்டு என்பதையும் சொல்லவேண்டும். எம்பெருமானின் குணங்களுக்கு எல்லை இல்லை என்பது அளவின்மை. குவியலுக்கு எல்லை இல்லை என்பது அளவு உண்டாயினும் அதைப் பிரிக்கும் கோடு இல்லாமை. முன்னது பெருமை, பின்னது சொல்லின் இயல்பு. இரண்டையும் ஒன்றாக்கி, உலகம் முழுதும் தெளிவற்றிருப்பதே பகவானின் மஹிமை என்று பேசுவது பொருந்தாது. பொதுவான ந்யாயம் ஒன்றே: இல்லாத எல்லையை அறியாமை அறியாமை அன்று.

அநிர்வசனீயத்தைக் கொண்டு எழும் பூர்வபக்ஷம்

நடுவில் நிற்பது குவியலும் அன்று, குவியல் அல்லாததும் அன்று; ஆகவே அது ஸதஸத்விலக்ஷணம் போன்ற ஒரு மூன்றாம் வகை என்பது இரண்டாம் பூர்வபக்ஷம். ஸ்யாத்வாதிகளின் ஸப்தபங்கியை இதற்குத் துணையாகக் கொள்வாரும் உண்டு.

ஸ்ரீபாஷ்யம் இவ்விரண்டையும் மறுத்தது அறிந்ததே. ஜிஜ்ஞாஸாதிகரணத்தில் அநிர்வசநீயம் என்பதற்கு ப்ரமாணம் இல்லை என்று எம்பெருமானார் நிலைநாட்டினார்; இரண்டாம் அத்யாயத்தில் ஜைந மத நிராகரணம் செய்யும் அதிகரணத்தில், ஒன்றுக்கொன்று விருத்தமான தர்மங்கள் ஒரு பொருளில் ஒரே சமயத்தில் சேரா என்றார். அந்த நிராகரணங்கள் குவியலைக் கருதிச் செய்யப்பட்டவை அல்ல. ஆயினும் அவற்றின் வழி இங்கும் செல்லும். மேலும், இந்த மூன்றாம் வகை பயனற்றது என்பதற்கு முன்பு கூறிய உகாரச் சுட்டே சான்று. இவன், அவன் என்னும் இரண்டுக்கு இடையில் உவன் என ஒன்றை நாட்டினால், இவன் முடியும் இடமும் அவன் தொடங்கும் இடமும் எனக் கேள்வி இரண்டாகப் பெருகுகிறது. அவ்விரண்டு இடங்களுக்கும் நடுவில் மேலும் வகைகளை நாட்டினால் அநவஸ்தை. படித்தரங்களை ஏற்பவர்களுக்கும் இத்துன்பம் உண்டு. இந்த மாடு கிழம் என்பது எந்த அளவுக்கு மெய் என்று எண்ணால் குறிக்கும்போது, அந்த எண் ஏன் சற்றுக் கூடவோ குறையவோ இல்லை என்னும் கேள்விக்கு விடை இல்லை.

ஆகவே நடுநிலை என்பது ஒரு பொருளின் வகை அன்று. பொருள் எதுவோ அதுவாகவே இருக்கிறது. அதன்மேல் ஒரு சொல் செல்லுமா என்பதே தீராமல் நிற்பது.

ஸம்ஸ்தானமும் அவஸ்தையும்

ஸித்தாந்தத்துக்கு உரிய கருவிகள் ஸ்ரீபாஷ்யத்தில் இரண்டு இடங்களில் உள்ளன. இரண்டும் வேறு வாதங்களுக்காக அமைந்தவை. இக்கேள்விக்கும் அவை பயன்படுகின்றன.

ஒன்று, ஜாதி விசாரம். பல பசுக்களில் தொடர்ந்து வரும் கோத்வம் என்று தனியே ஒரு பதார்த்தம் உண்டு என்பர் வைசேஷிகர். அலைதாடி முதலிய அவயவங்களின் அமைப்பாகிய ஸம்ஸ்தானத்தைத் தவிர வேறாக எதுவும் காணப்படவில்லை. அந்த ஸம்ஸ்தானமே ஜாதி என்பது எம்பெருமானார் பக்ஷம். ஒரு பசுவின் அமைப்பு மற்றொன்றின் அமைப்பன்று; அவை நன்கு ஒத்திருக்கின்றன. இந்த நல்லொப்புமையை ஸௌஸாத்ருச்யம் என்பர். ஸ்வாமி தேசிகனும் இதை நிலைநாட்டியுள்ளார். தனி ஜாதியை ஒப்புக்கொள்பவர்க்கு, ஒரு விலங்கில் கோத்வம் உண்டு அல்லது இல்லை. நடுவில் இடமே கிடையாது. ஒப்புமையை ஒப்புக்கொள்பவர்க்கு, ஒப்புமை கூடவும் குறையவும் இயல்வது. காட்டிலுள்ள கவயம் பசுவை ஒத்தது என்பது உபமான ப்ரமாணத்துக்குக் கூறும் உதாரணம். ஒத்தது எனினும் அது பசு அன்று. எல்லை தெளியாமைக்கு இடம் தரும் கொள்கை நம்முடையது; ஆகவே அதை விளக்கும் கடமையும் நம்முடையதே.

மற்றொன்று, ஆரம்பணாதிகரணம். மண்ணும் குடமும் வேறு என்று காணாத மதத்தார் கூறும் ஹேதுக்களை எம்பெருமானார் முதலில் தொகுக்கிறார்: அறிவு வேறு, சொல் வேறு, பயன் வேறு, காலம் வேறு, வடிவம் வேறு, எண் வேறு. பிறகு, த்ரவ்யம் ஒன்றே. அது வேறு அவஸ்தையை அடைவதாலே இவ்வேறுபாடுகள் எல்லாம் பொருந்தும் என்று நிலைநாட்டுகிறார். நீர் கொணர்தல் முதலிய வ்யவஹாரத்துக்காக, வயிறு பருத்த வடிவம் பெற்ற மண்ணுக்குக் குடம் என்று பெயர். புதிதாக ஓர் அவயவி பிறப்பதில்லை.

அவயவியை ஒப்புக்கொள்பவர்க்கு இங்கே தீராத சுமை உண்டு. எத்தனையாவது நூல் சேர்ந்தபோது துணி என்னும் புதுப்பொருள் பிறந்தது என்று அவர்கள் சொல்லியாகவேண்டும். நூல் ஒவ்வொன்று சேரும்போதும் பழைய அவயவி அழிந்து புதிய அவயவி பிறக்கிறது என்று அவர்கள் கூறுவதும் உண்டு. கேள்விக்கு அஞ்சாத விடை தான், ஆனால் பிறப்பும் அழிவும் கணக்கின்றிப் பெருகுகின்றன. சேனை, வனம் என்பவற்றை ஒன்றாகக் கருதுவது பல பொருள்களின் சேர்க்கையைப் பற்றிய கருத்தே என்பதை அவர்களும் ஒப்புவர்; நியாய சூத்திரத்திலேயே அவ்வுவமை விவாதிக்கப்படுகிறது. துணிக்கும் அதையே கொள்வது நம் பக்ஷத்தின் எளிமை. நூல்கள் உள்ளன, அவற்றின் சேர்க்கை உள்ளது. துணி என்னும் சொல் அத்தகைய பல சேர்க்கைகளைத் தழுவி நிற்கிறது.

இரண்டு ஆக்ஷேபங்கள்

இங்கே வலுவான ஆக்ஷேபம் ஒன்று உண்டு. அவஸ்தைகள் மெய் என்பது நம் ஸித்தாந்தம். உத்பத்தியாவது அவஸ்தாந்தர ப்ராப்தி. அப்படியானால் குடமாகிய அவஸ்தை தொடங்கிய க்ஷணம் ஒன்று மெய்யாகவே இருந்தாகவேண்டும். இல்லை என்றால் குடத்தன்மை வெறும் கற்பனையாகி, நாமரூபங்கள் பொய் என்பாரோடு சேர நேரும்.

விடை இது. சக்கரத்தின் மேல் சுழலும் மண்ணுக்கு ஒவ்வொரு க்ஷணத்திலும் ஏதேனும் ஒரு வடிவம் உண்டு. அவ்வடிவம் மெய், அதில் தெளிவின்மை இல்லை. அடுத்த க்ஷணத்தின் வடிவமும் மெய். இந்த மெய்யான அவஸ்தைகளின் தொடரில் பலவற்றைக் குடம் என்னும் ஒரு சொல், அவற்றின் ஒப்புமையையும் அவை தரும் பயனையும் பற்றித் தழுவுகிறது. வடிவம் மெய், ஒப்புமை மெய், பயன் மெய். தொடரில் எதுவரை அந்தச் சொல் செல்லும் என்பது மட்டுமே முடிவு செய்யப்படாதது. குடத்தின் தொடக்கத்தைக் கேட்பவர் மண்ணைப் பற்றிக் கேட்கவில்லை. சொல்லின் பரப்பைப் பற்றிக் கேட்கிறார். நாமம் வ்யவஹாரத்தின் பொருட்டு என்பதால் நாமத்தைப் பெற்ற பொருள் பொய்யாகிவிடாது.

இரண்டாம் ஆக்ஷேபம் சாஸ்த்ரத்திலிருந்தே எழுவது. சொல்லுக்கும் பொருளுக்கும் உள்ள ஸம்பந்தம் நித்யம். மனிதர் செய்த ஏற்பாடு அன்று. வ்யவஹாரம் எல்லையை முடிவு செய்யவில்லை என்று கூறினால், சொற்பொருளை மனிதர் கையில் கொடுத்ததாகாதா?

முதல் அத்யாயத்தின் மூன்றாம் பாதத்தில், வைதிக சப்தங்களைக் கொண்டு ப்ரஜாபதி உலகைப் படைப்பதைச் சொல்லும் இடத்தில் இதற்கு விடை கிடைக்கிறது. இந்த்ரன் முதலிய சொற்கள் ஒரு தனி வ்யக்தியைக் குறிப்பன அல்ல. ஓர் ஆக்ருதியைக் குறிப்பன. முன் இருந்த இந்த்ரன் நீங்கினால், ப்ரஜாபதி அச்சொல்லால் அவ்வாக்ருதியை நினைத்து, அதை ஒத்த மற்றோர் இந்த்ரனைப் படைக்கிறார். இங்கே நித்யமாக நிற்பது சொல்லுக்கும் ஆக்ருதிக்கும் உள்ள தொடர்பு. படைக்கப்பட்டது அதை ஒத்தது. தொடர்பு என்றும் உள்ளது என்பதால் ஒப்புமைக்குக் கூரிய விளிம்பு உண்டு என்று ஆகாது. நித்யத்வமும் எல்லைக்கூர்மையும் வெவ்வேறு.

இவ்வளவும் கூறியபின், ஓர் இடம் நிரம்பாமலே இருக்கிறது என்பதை மறைக்கலாகாது. ஸௌஸாத்ருச்யம் என்பதில் உள்ள நன்மை எவ்வளவு? கவயத்தை விலக்குவதற்கும், அலைதாடி குறைந்த பசுவைச் சேர்ப்பதற்கும் போதுமான ஒப்புமை எது? அலைதாடி போன்ற சிறப்பு அமைப்பைக் காட்டிப் பல இடங்களில் விடை சொல்லலாம். குவியல், கிழம், அண்மை போன்ற சொற்களுக்கு அத்தகைய அடையாளம் ஏதும் இல்லை. பூர்வாசார்யர்கள் இப்புதிரை இந்த வடிவில் எடுத்துக்கொள்ளவில்லை. யூபுலிடீஸுக்கும் ஃபைனுக்கும் அவர்கள் முன்பே விடை சொல்லிவிட்டார்கள் என்று பேசுவது அவர்களுக்குச் சிறப்புச் செய்வதாகாது. அவர்கள் கூறியதிலிருந்து எது கிடைக்கும் என்று காட்டுவதே உரியது.

சொற்கள் முடியும் இடம்

இனி முதற்கேள்விக்கு வரலாம். தேவன், மனிதன், பசு என்னும் சொற்கள் சரீரத்தைச் சொல்லி, அதில் உள்ள ஜீவனைச் சொல்லி, அவனுக்கும் அந்தராத்மாவாகிய பரமாத்மா அளவும் சென்று முடிகின்றன என்பது வேதார்த்த ஸங்க்ரஹம் விளக்கும் அபர்யவஸானவ்ருத்தி. ப்ரகாரத்தைச் சொல்லும் சொல், பிரிந்து நில்லாத ப்ரகாரியிடத்தில் சென்று நிற்கும். முதற்படியில் சொல்லின் எல்லை தெளிவில்லையானால் கடைசிப்படியும் தெளிவற்றதாகுமா?

ஆகாது. சொல் ஒரு பொருளின்மேல் செல்லுமா என்பது ஐயத்துக்கு இடமானது. அப்பொருள் எம்பெருமானுக்குச் சரீரமாக இருப்பதோ அதைச் சார்ந்ததன்று. எதிரே நிற்பவனை இவன் என்றாலும் அவனிடத்தில் முடியும். உவன் என்றாலும் அவனிடத்தில் முடியும். அவன் என்றாலும் அப்படியே. கோட்டை எங்கே வரைந்தாலும் பாசுரத்தின் பொருள் மாறுவதில்லை. எப்படி வகுத்தாலும் மெய்யாக நிற்பதே மெய் என்று ஃபைன் கூறிய வழி நம் பக்ஷத்துக்கு நெருங்குவது இந்த இடத்திலே தான். ஆழ்வார் எல்லைகளைத் தீர்த்துவிட்டுப் பாடவில்லை. எல்லைகள் எப்படித் தீர்ந்தாலும் தவறாதபடி பாடியுள்ளார். சுட்டுகளோடு எவள், எது என்னும் வினாக்களும் ஏன் சேர்ந்தன என்பதற்கும் இவ்வழியில் ஒரு பொருள் தோன்றுகிறது. எந்தச் சுட்டிலும் அடங்காமல் கேள்வியாகவே நிற்பதும் அவனுக்கு வெளியே இல்லை. நன்மை, தீமை, வருவது, கழிந்தது என்னும் பகுப்புகளுக்கும் இதுவே.

திருவரங்கத்தார்க்கு இது கண்ணெதிரே உள்ளது. ஸம்ப்ரதாயத்தில் கோயில் என்றாலே திருவரங்கம். ஏழு திருச்சுற்றுகளில் வெளிச் சுற்றுகளில் வீடுகளும் கடைகளும் உள்ளன. 1987இல் நிறைவேறிய 236 அடி இராஜகோபுரத்தைக் கடந்தவர் கோயிலுக்குள் வந்துவிட்டாரா, ஊருக்குள் வந்தாரா? ஆர்யபடாள் வாசலிலா கோயில் தொடங்குகிறது? ஒவ்வொருவர் ஒவ்வொன்று சொல்வர். மணப்பாறையிலிருந்து புறப்பட்டவர்க்குக் காவிரியைக் கண்டதுமே கோயில் வந்துவிட்டது. தொடங்கும் இடத்தைப் பற்றி இத்தனை கருத்து உண்டாயினும், போய்ச் சேரும் இடத்தைப் பற்றி ஒருவர்க்கும் கருத்து வேறுபாடு இல்லை. பெரியபெருமாள் திருவடிகளிலே தான் அச்சொல் முடிகிறது.

போதுமா என்னும் கலக்கம்

இவ்விசாரம் தர்க்கத்தோடு முடிவதில்லை. என் விச்வாஸம் மஹாவிச்வாஸம் என்னும் அளவுக்கு உண்டா? என் ஆகிஞ்சந்யம் மெய்யா? இவ்வளவு முயற்சியை வைத்துக்கொண்டு, முயற்சியை விட்டேன் என்று சொல்லலாமா? இவை குவியலின் புதிர்களே. சற்றுக் குறைந்த விச்வாஸமும் விச்வாஸமே என்று இறங்கிக்கொண்டே போனால், ஒன்றும் இல்லாததையும் விச்வாஸம் என்று சொல்ல நேரும். அஞ்சி மறுவழியே போனால், எந்த விச்வாஸமும் போதாததாகும். நெல்லில் விளையாட்டாக இருந்தது இங்கே உறக்கத்தைக் கெடுக்கிறது.

சாஸ்த்ரம் கோடு வேண்டிய இடத்தில் தானே கோடு கிழிக்கிறது. வைஷ்ணவ ஏகாதசி நிர்ணயத்தில், ஸூர்யோதயத்துக்கு முன் 4 நாழிகை அருணோதயம் என்று வைத்து, அப்போது தசமி தொட்டிருந்தால் உபவாசத்தை மறுநாளுக்கு மாற்றுகிறது. விடியல் என்னும் தெளிவற்ற சொல்லை நாழிகைக் கணக்கால் வரையறுத்தது அது. கர்மத்துக்கு இவ்வரையறை வேண்டும். ப்ரபத்திக்கோ, ஸ்ரீவசனபூஷணத்தில் பிள்ளை லோகாசார்யர், தேச நியமமும் கால நியமமும் ப்ரகார நியமமும் அதிகாரி நியமமும் பல நியமமும் இல்லை, விஷய நியமம் ஒன்றே உள்ளது என்று வகுத்தார். கூடவும் குறையவும் இயலும் பக்கங்களில் நியமத்தை எடுத்துவிட்டு, ஐயத்துக்கு இடமில்லாத பக்கத்தில் மட்டும் அதை வைத்தார்.

தேசிகன் ஸம்ப்ரதாயத்தில் ப்ரபத்திக்கு அங்கங்கள் ஐந்து. மஹாவிச்வாஸம் அவற்றுள் ஒன்று. ஆகவே அளவு பற்றிய கேள்விக்கு அங்கே இடம் உண்டு. ஆனால் அபயப்ரதானஸாரத்தில் அவர் விரித்துரைத்த விபீஷண சரணாகதியைப் பார்க்கவேண்டும். வந்தவன் நண்பனா பகைவனா என்று சுக்ரீவன் ஐயுற்றான். ஆராய்ந்தால் தீரும் ஸம்சயம் அது. ஹனுமான் ஆராய்ந்தும் சொன்னார். பெருமாளோ அவ்வாராய்ச்சியின் முடிவுக்காகக் காத்திருக்கவில்லை. மித்ர பாவத்தோடு வந்தவனை விடமாட்டேன், அவனிடத்தில் தோஷம் இருந்தாலும் இருக்கட்டும் என்பது அவர் திருவுள்ளம். மித்ர பாவம் என்பதை நட்பின் சாயல் என்றே நம் பெரியோர் கொள்வர். நட்பு எவ்வளவு இருந்தால் நட்பாகும் என்னும் கோட்டை அவர் வரையவில்லை; அந்தக் கோடு எங்கே விழுந்தாலும் வந்தவன் அகப்படும்படி வார்த்தை அருளினார்.

விபீஷணன் வானத்தில் நின்றபடியே சரணம் என்றான். கரையில் இருந்தவர்கள் பார்வைக்கு அவன் அவனோ, இவனோ, உவனோ என்று யாரும் கேட்கவில்லை. பெருமாளுக்கு அவன் அப்போதே அண்மையன் ஆகியிருந்தான்.